வாட்ச் கட்டாத டீச்சரும் ஒரு ஹவுஸ்மேனும்

நான் கெட்டிக்காரியாக வரும் கதைகளை யாராவது உங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ அறையில் இருபத்தேழு வருடம் உட்கார்ந்தவளைப் பற்றி அப்படி நாலு கதை உலாவாமல் இருக்காது. அவற்றில் பாதி உண்மை, பாதி கேன்டீனில் சேர்த்தது. நான் இன்று சொல்லப்போவது வேறு ஒரு நாளைப் பற்றி. அன்று அந்த அறையில் கெட்டிக்காரத்தனம் இருந்தது. ஆனால் அது என்னிடம் இல்லை. ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியையிடமும், வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு டாக்டரிடமும் இருந்தது.

மெஷினை எப்படிப் பிடிப்பது, எந்த அளவை எங்கே எடுப்பது என்பதையெல்லாம் சொல்லித்தர, புதிதாக எக்கோ கற்க வந்திருக்கும் உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித்தருவார்கள். ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

அப்போது கிள்ளான் பக்கம் ஒரு மருத்துவமனையில் இருந்தேன். பதினெட்டு வருட அனுபவம். எக்கோ பிரிவில் எனக்கு மூத்தவர் யாரும் இல்லை. நான் எழுதும் ரிப்போர்ட்டில் ஸ்பெஷலிஸ்ட் டாக்டர்கள் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். அதில் எனக்குப் பெருமை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் நன்றாகவே தெரிந்திருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. எங்களிடம் இருந்த இரண்டு மெஷின்களில் ஒன்று பழுது. கட்டடத்தில் லிஃப்டும் ஓடவில்லை. மூன்றாவது மாடிக்கு நோயாளிகள் படியேறி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். வாசலில் நாற்காலி போதாமல் சுவரில் சாய்ந்து நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் டீச்சரும் இருந்தார்.

அவர் பெயர் வேண்டாம், டீச்சர் என்றே சொல்கிறேன். நாற்பதைத் தாண்டியவர். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதயத்தின் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டிருந்தது. நான்கு வருடத்துக்கு முன் அதை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு பொருத்தியிருந்தார்கள். இரண்டு சின்னக் கதவுகள் உள்ள வால்வு. ஒவ்வொரு துடிப்புக்கும் கதவுகள் திறந்து மூடும், மூடும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அமைதியான அறையில் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும். இந்த வால்வில் ரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. அதனால் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரையை வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும்.

கட்டிலில் ஏறிப் படுத்தவரின் கார்டைப் பார்த்தேன்.

"டீச்சர், உங்க அப்பாயிண்ட்மெண்ட் அடுத்த மாசந்தானே?"

"ஆமா மிஸ். லீவு போட்டுட்டு வந்தேன். கீழ அந்தச் சின்ன டாக்டர்தான் எக்கோ பார்த்துடலாம்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. ஒண்ணு சொன்னா சிரிக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"எனக்குச் சத்தம் கேக்கல."

நான் சிரிக்கவில்லை. ஆனால் கையில் ஜெல்லை எடுத்துவிட்டேன். கேட்டுக்கொண்டே வேலையை ஆரம்பித்துவிட்டேன் என்று அர்த்தம்.

போன வாரம் ஆறாம் வகுப்புக்குத் தேர்வு வைத்திருக்கிறார். பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தபோது வரிசைகளுக்கு நடுவே நடந்திருக்கிறார். வழக்கமாக அந்த மாதிரி அமைதியில் அவருடைய டிக் டிக் வகுப்புக்கே கேட்கும். டீச்சர் பெரிய வாட்ச் கட்டியிருக்கிறார் என்றுதான் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தார்களாம். அன்று முன்வரிசையில் இருந்த ஒரு பெண் தலையை நிமிர்த்தி, "டீச்சர், இன்னிக்கி வாட்ச் கட்டலையா?" என்று கேட்டிருக்கிறாள்.

"அப்பதான் மிஸ் நானே கவனிச்சேன்."

படத்தைப் பார்த்தேன். செயற்கை வால்வு, மெஷின் அனுப்பும் ஒலி அலையை மறித்துத் தனக்குப் பின்னால் ஒரு கறுப்பு நிழலை விழவைக்கும். அந்த நிழலோடு போராடுவதுதான் வேலை. ஒரு கதவு அழகாகத் திறந்து மூடியது தெரிந்தது. மற்றது நிழலுக்குள் இருந்தது. வால்வைத் தாண்டும் ரத்தத்தின் அழுத்த அளவு போன தடவையைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. நாடியும் வேகமாக ஓடியது. மூன்று மாடி ஏறி வந்தவருக்கு நாடி ஓடாமல் என்ன செய்யும், நாடி ஓடினால் அளவும் கூடத்தான் செய்யும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஒரு கதவு ஆடினால் இன்னொன்றும் ஆடும்தானே?

ரிப்போர்ட்டில், 'இரு கதவுகளும் நன்றாக இயங்குகின்றன' என்று எழுதினேன்.

இந்த வரியைக் கொஞ்சம் பாருங்கள். நான் பார்த்தது ஒரு கதவு. எழுதியது இரண்டு. படம் தெளிவில்லாமல் போவது தப்பில்லை, நமக்கு அது தினமும் நடக்கும். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதியதுதான் தப்பு. அதை எழுத எனக்கு இரண்டு விநாடிகூட ஆகவில்லை.

டீச்சரின் முகத்தில் இன்னும் கேள்வி இருந்தது. ஆறுதல் சொல்ல நினைத்தேன்.

"டீச்சர், நான் பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருக்கேன். வீட்டுக்குப் பின்னாலதான் ரயில் போகுது. வந்த புதுசுல காதப் பொத்திக்கிட்டுத்தான் இருப்பேன். இப்ப ரயில் போறதே தெரியறதில்ல. உங்களுக்கும் சத்தம் பழகிடுச்சி, அவ்வளவுதான்."

அவர் புடவையைச் சரிசெய்துகொண்டே மெதுவாகச் சொன்னார்: "எனக்குப் பழகியிருக்கலாம் மிஸ். பிள்ளைங்களுக்குமா பழகிடுச்சி?"

நல்ல கேள்வி. அதன் முழு அர்த்தமும் இப்போது எனக்குத் தெரிகிறது. அன்று அது என் காதில் விழுந்தது, அவ்வளவுதான். அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

அரை மணி நேரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. அந்தச் சின்ன டாக்டர் நின்றாள்.

அவள் ஹவுஸ்மேன். படிப்பு முடிந்தவுடன் வார்டு வார்டாக ஓடவிடப்படும் பயிற்சி டாக்டரை இங்கே அப்படித்தான் சொல்கிறோம். பெண்ணாக இருந்தாலும் ஹவுஸ்மேன்தான். ரத்தம் எடுக்க, ஃபைல் தேட, பெரியவர்களிடம் திட்டு வாங்க என்று எல்லாவற்றுக்கும் அவர்கள்தான். இவளுக்கு வீடு மேருவில். அப்பா ஏதோ தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஒல்லியான பெண், பேசும்போது பாதி வார்த்தையை விழுங்கிவிடுவாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா, சாரி லா. அந்த டீச்சர் கேஸ்..."

"ரிப்போர்ட் அனுப்பிட்டேனே டாக்டர்."

"பாத்தேன் அக்கா. ஸ்பெஷலிஸ்ட்டும் பாத்துட்டாரு. ஓகே, மூணு மாசம் கழிச்சி வரச் சொல்லுன்னாரு."

"அப்புறம் என்ன?"

"நான் ஸ்டெதஸ்கோப் வச்சிக் கேட்டேன் அக்கா. டிக் சத்தம் இல்ல. என்னமோ துணி போட்டு மூடுன மாதிரி இருக்கு. இன்னொரு தடவ பாக்கலாமா?"

கட்டிலில் ஒரு நோயாளி படுத்திருந்தார். வெளியே பதினைந்து பேர். நான் திரும்பாமலே சொன்னேன்: "டாக்டர், நான் பதினெட்டு வருஷமா இதத்தான் பண்றேன். கேக்கறதவிட பாக்கறது மேல."

அவள் போய்விட்டாள். நான் அத்துடன் அதை மறந்தேன். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: மறப்பதற்கு எனக்குக் கஷ்டமாக இல்லை.

பத்து நிமிடத்தில் மறுபடி தட்டினாள். இந்தத் தடவை தனியாக வரவில்லை. அவளுக்குப் பின்னால் டீச்சர். அவருக்குப் பக்கத்தில் கட்டம்போட்ட சட்டையில், கையில் பிளாஸ்டிக் பையோடு ஒரு பெரியவர்.

"அக்கா, இந்த அங்கிளுக்கும் அதே வால்வுதான். செலாயாங்ல பாசார் போரோங் மொத்தச் சந்தையில காய்கறி வியாபாரம். இன்னிக்கிச் செக்கப்புக்கு வந்திருக்காரு. ரெண்டு நிமிஷம் குடுங்க. தப்பா இருந்தா என்னைத் திட்டுங்க, நான் போயிடுறேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ஏன் என்று தெரியவில்லை, எழுந்து நின்றேன்.

"அங்கிள், மூச்ச விடாம வாயத் திறங்க" என்றாள்.

"பல்லு பாக்கப் போறீங்களா?" என்றார் அவர்.

"இல்ல அங்கிள். சத்தம் கேக்கப் போறோம்."

அவர் வாயைத் திறந்தார். அறையின் விசிறியை அவள் நிறுத்தினாள். எனக்கும் அவருக்கும் நடுவே இரண்டடி இருக்கும். டிக், டிக், டிக். யாரோ பேனா மூடியைத் தட்டுகிற மாதிரி, திறந்த வாய்க்குள்ளிருந்து தெளிவாக வந்தது.

"இப்ப நீங்க டீச்சர்."

டீச்சர் வாயைத் திறந்தார். நான் அருகில் போனேன். இன்னும் அருகில் போனேன். கிட்டத்தட்ட அவர் கன்னத்தில் என் காது படும் தூரம். வெளியே யாரோ நம்பர் கூப்பிடுவது கேட்டது. டீச்சருக்குள்ளிருந்து ஒன்றும் கேட்கவில்லை.

காய்கறிக்கடை அங்கிள்தான் முதலில் பேசினார். "அம்மாவுக்கு பேட்டரி போயிருச்சா?"

நான் கட்டிலைக் காட்டினேன். "படுங்க டீச்சர்."

இந்தத் தடவை அவசரப்படவில்லை. ஹவுஸ்மேனின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் திரையையே பார்த்தேன். வழக்கமான இடத்தில் நிழல் மறித்தது. நெஞ்சில் வைத்துப் படம் பிடிக்கும் ப்ரோபை விலாவுக்கு அடியில் கொண்டுபோனேன், சாய்த்தேன், திருப்பினேன். அதற்கு நடுவே, முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"படுத்தா மூச்சு முட்டுதா டீச்சர்?"

"இல்ல மிஸ், நல்லாத்தான் தூங்குறேன்."

"எத்தன தலகாணி வச்சிப் படுக்கறீங்க?"

"தலகாணியா? மூணு நாளா சோபாவுலதான் மிஸ். பேப்பர் திருத்திட்டு அப்பிடியே சாஞ்சி தூங்கிடறேன். கட்டில்ல படுத்தா ஏனோ சரியா வரல." சொல்லி முடித்தவுடன் அவருக்கே புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார். "அது மூச்சு முட்டறதுதானா?"

படுக்க முடியாமல் உட்கார்ந்து தூங்கியிருக்கிறார். விடைத்தாள்கள்மேல் பழியைப் போட்டுவிட்டு.

அப்போதுதான் திரையில் அது தெரிந்தது. ஒரு கதவு திறந்தது, மூடியது. திறந்தது, மூடியது. பக்கத்துக் கதவு ஆணி அடித்த மாதிரி அசையாமல் நின்றது. ரத்தம் ஒரு பக்கமாக மட்டும் நெருக்கியடித்துக்கொண்டு போனது. அசையாத கதவின் ஓரத்தில் மங்கலாக ஏதோ ஒட்டியிருந்தது.

எனக்குப் பின்னால் ஹவுஸ்மேன் மூச்சை உள்ளிழுத்தாள். 'நான் சொன்னேனே அக்கா' என்று சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. அதற்குப் பதில் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், நல்ல வேளையா வந்தீங்க. இப்ப எங்ககூடவே இருங்க" என்றாள். பிறகு ஸ்பெஷலிஸ்ட்டைக் கூப்பிட ஓடினாள்.

நான் ரிப்போர்ட்டைத் திறந்து பழைய வரிகளை அழித்தேன். புதிதாக எழுதினேன். எங்கள் கம்ப்யூட்டரில் ஸ்பெஷலிஸ்ட் கையெழுத்து ஏறும்வரை அப்படிச் செய்ய வழி இருந்தது. அவர் இன்னும் வாயால்தான் ஓகே சொல்லியிருந்தார், அன்றைய கூட்டத்தில் எந்த ரிப்போர்ட்டுக்குச் சொன்னோம் என்பது அவருக்கு நினைவிலும் இல்லை. பழைய ரிப்போர்ட் இருந்த அடையாளமே இல்லாமல் போனது. அவசரத்தில் செய்தேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பாதி அவசரம்தான். மீதிப் பாதிக்கு என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும்.

ஸ்பெஷலிஸ்ட் சீனர், நிதானமான மனிதர். அவரோடு பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். திரையை நீண்ட நேரம் பார்த்தார். தொண்டை வழியாகச் சின்னக் குழாயை இறக்கி, உள்ளிருந்து எடுத்த படத்திலும் அதுதான் தெரிந்தது: கதவில் ரத்தக்கட்டி. ரத்தப் பரிசோதனையும் வந்தது. மாத்திரை வேலையே செய்யவில்லை. டீச்சர் ஒரு வேளைகூட மாத்திரையை விட்டதில்லை. பிறகு கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்தது. ரத்தம் ஊற நல்லது என்று ஸ்டாஃப் ரூமில் யாரோ சொல்லி, ஒரு மாதமாகத் தினமும் காலையில் ஒரு டம்ளர் முருங்கைக்கீரை ஜூஸ் குடித்திருக்கிறார். அந்தக் கீரையில் இருக்கும் சத்து வார்ஃபரினின் வேலையை முறித்துவிடும். கீரையை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

"யார் கண்டுபிடித்தது?" என்று ஸ்பெஷலிஸ்ட் கேட்டார்.

ஹவுஸ்மேன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எக்கோவில் தெரிந்தது டாக்டர்" என்றேன்.

பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை.

அதற்குள் டீச்சருக்கு மூச்சுத் திணறல் கூடிவிட்டது. இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நெஞ்சை மறுபடி திறந்து வால்வை மாற்றுவது. அதற்கு வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே அறுவை அறையில் ஏற்கெனவே ஒருவர் மேசையில் இருந்தார். அந்த நேரத்துச் சாலை நெரிசலில் ஆம்புலன்ஸ் எப்போது போய்ச் சேரும் என்றும் சொல்ல முடியாது. இரண்டாவது, கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாள் முழுக்க ஏற்றுவது. அதில் உள்ள பயம், கரையும்போது ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குப் போய்விடலாம் என்பது.

ஸ்பெஷலிஸ்ட் அறுவை டாக்டரோடு போனில் இரண்டு தடவை பேசினார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சட்டென்று முடிவெடுப்பவர்களை நம் ஆட்கள் புகழ்வார்கள். அவர் சட்டென்று எடுக்கவில்லை. போனை வைத்துவிட்டு, டீச்சரின் படத்தை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு, "மருந்து. மெதுவாக. அறுவை டீமைத் தயாராக இருக்கச் சொல்வோம்" என்றார். நேராகப் போய் டீச்சரிடம் எதையும் மறைக்காமல் சொன்னார். டீச்சர் தமிழில் இன்னொரு தடவை கேட்க விரும்பினார். ஹவுஸ்மேன் சொன்னாள்.

"மூளைக்குப் போனா என்ன ஆகும் டாக்டர்? பேச்சு போயிருமா?"

அந்தப் பெண் 'அதெல்லாம் ஆகாது' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "போகலாம் டீச்சர். அதுக்குத்தான் மணிக்கொரு தடவ உங்களப் பேச வச்சிப் பார்ப்போம். கொஞ்சம் குழறினாலும் உடனே தெரிஞ்சிடணும்."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். ஆக்ஸிஜன் முகமூடியை ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: "சும்மா பேரு என்ன, ஊரு என்னன்னு கேட்டா தப்பு தெரியாது. என் வகுப்புல முப்பத்தோரு பிள்ளைங்க. ரெஜிஸ்டர்ல இருக்கற வரிசையில பேர் சொல்றேன். எழுதி வச்சிக்குங்க. ஒரு பேரு மாறினாலும் எனக்கு ஏதோ ஆயிடுச்சின்னு அர்த்தம்."

எங்கள் படிவத்தில் இருந்த எந்தச் சோதனையையும்விட அது நல்ல சோதனை. ஹவுஸ்மேன் ஒரு பழைய ஈசிஜி தாளின் பின்பக்கத்தில் முப்பத்தொரு பெயர்களையும் எழுதிக்கொண்டாள். மருந்து ஏற ஆரம்பித்தது.

ஒவ்வொரு மணிக்கும் கட்டிலருகே போய் நிற்பாள். டீச்சர் சொல்லச் சொல்ல டிக் போடுவாள். அவள் ஷிஃப்ட் முடிந்தும் போகவில்லை என்று நர்ஸ்கள் சொன்னார்கள். சாயங்காலம் நான் மெஷினைத் தள்ளிக்கொண்டு போனபோது ஐந்தாவது முறை பெயர் சொல்லிக்கொண்டிருந்தார். கதவில் மாற்றம் இல்லை. ஆனால் மூச்சு கொஞ்சம் லேசாகியிருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் போனபோதும் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. பத்தொன்பதாவது பெயருக்குப் பிறகு இருபத்தொன்றாவது பெயரைச் சொன்னார். ஹவுஸ்மேனின் பேனா நின்றது. என்னைப் பார்த்தாள்.

"டீச்சர்," என்றாள், குரலை நடுங்கவிடாமல், "ஒரு பேரு விட்டுட்டீங்க."

"யாரு?"

அவள் பெயரைச் சொன்னாள்.

"அவளா? அவ அப்பாவுக்கு சிரம்பான்ல வேல கெடச்சிருச்சி. இன்னிக்கிப் புதன்கிழமதானே? இன்னிலேருந்து அவ பள்ளிக்கூடம் மாறிட்டா. நேத்துவரைக்கும் முப்பத்தொண்ணு. இன்னிக்கி முப்பது" என்றார் டீச்சர். "நான் சரியாத்தான் சொல்றேன் டாக்டர். நீங்கதான் பழைய ரெஜிஸ்டர் வச்சிருக்கீங்க."

ஹவுஸ்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. நர்ஸ் ஒருத்தி மலாயில் 'ஆலாமாக்', ஐயோ அம்மா, என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

நான் ப்ரோபை வைத்தேன். அசையாமல் நின்ற கதவு பாதிவரை திறந்தது. மூட முடியாமல் திணறியது, ஆனால் அசைந்தது. மத்தியானம் மருந்து முடியும் தறுவாயில் மறுபடி போனேன். நான் வயரை மாட்டுவதற்கு முன்பே டீச்சர் கையை உயர்த்தினார்.

"மிஸ், மெஷின் வேணாம். வந்துருச்சி."

எல்லாரும் பேச்சை நிறுத்தினோம். மானிட்டரின் சத்தத்துக்கு நடுவே, சின்னதாக, சீராக, டிக், டிக், டிக்.

மெஷினையும் போட்டுப் பார்த்தேன். இரண்டு கதவுகளும் ஆடின. இந்தத் தடவை இரண்டையும் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுதினேன்.

டீச்சர் பத்து நாளில் வீட்டுக்குப் போனார். அடுத்த தவணைக்கே பள்ளிக்கும் போய்விட்டார்.

டீச்சர் வீட்டுக்குப் போன அடுத்த வாரம் எங்கள் பிரிவின் கூட்டம். தலைமை டாக்டர், ஸ்பெஷலிஸ்ட்கள், ஹவுஸ்மேன்கள், எக்கோ ஆட்கள் எல்லாரும் இருந்தோம். டீச்சரின் படத்தைத் திரையில் போட்டார்கள். தலைமை டாக்டர் என் பெயரைச் சொல்லி, "இவ்வளவு சிரமமான படத்தில் நின்றுபோன கதவைக் கண்டுபிடித்தது சாதாரணமில்லை. அனுபவம் என்றால் இதுதான். சின்னவர்கள் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்றார். கை தட்டினார்கள்.

பின்வரிசையில் அந்த ஹவுஸ்மேன் பெண்ணும் கை தட்டினாள். அவள் முகத்தில் குத்தலோ வருத்தமோ தேடினேன். இல்லை. உண்மையாகவே சந்தோஷமாகத் தட்டினாள். அதுதான் என்னை உட்காரவிடவில்லை. அவள் கொஞ்சம் முகம் சுளித்திருந்தால் நான் தப்பித்திருப்பேனோ என்னவோ.

எழுந்தேன். "இந்த ரிப்போர்ட்டுக்கு முன்னால் நான் இன்னொன்று எழுதினேன். அதில் இரண்டு கதவும் நன்றாக இயங்குகிறது என்று எழுதியிருந்தேன். ஒன்றைத்தான் பார்த்திருந்தேன். பிறகு அதை அழித்துவிட்டேன். அந்த ரிப்போர்ட்டோடு டீச்சர் வீட்டுக்குப் போயிருப்பார். சத்தம் இல்லை என்று இரண்டு தடவை என் கதவைத் தட்டியது ஹவுஸ்மேன். முதல் தடவை நான் திருப்பி அனுப்பினேன்."

தலைமை டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரிப்போர்ட்டை அழிக்கும் வழியை மூட வேண்டும் என்று குறித்துக்கொண்டார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பின்வரிசையைப் பார்த்து, "எழுந்து நில்லுங்கள் டாக்டர்" என்றார். அவள் எழுந்தாள், எங்கே பார்ப்பது என்று தெரியாமல். மறுபடி கை தட்டினார்கள். முதலில் தட்டியதைவிட நீண்ட நேரம்.

வெளியே காரிடாரில் என் பின்னால் ஓடிவந்தாள்.

"ஏன் அக்கா சொன்னீங்க? நான் ஒண்ணும் நினைக்கலையே."

"அதனாலதான் சொன்னேன்."

வார்டு பக்கம் சேர்ந்தே நடந்தோம். பிறகு அவளே சொன்னாள்: "அன்னிக்கி ரெண்டாவது தடவ கதவத் தட்டறதுக்கு முன்னாடி, டாய்லெட்டுக்குள்ள போயி அஞ்சு நிமிஷம் நின்னேன் அக்கா. வெளிய வரவே பயமா இருந்திச்சி."

"பேஷன்ட்டுக்கு என்ன ஆயிடுமோன்னு பயமா?"

"இல்ல அக்கா. உங்களப் பார்த்து."

சாதாரணமாகத்தான் சொன்னாள். மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரி. சொல்லிவிட்டு வார்டுக்கு ஓடிவிட்டாள். நான் காரிடாரிலேயே நின்றேன். ஒரு சின்னப் பெண், என்னைப் பார்த்து அவ்வளவு பயந்துகொண்டு, அந்தப் பயத்தோடே நடந்துவந்து மறுபடி தட்டியிருக்கிறாள். கூடவே காய்கறிக்கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு. என் பதினெட்டு வருடத்தில் நான் அப்படி ஒரு கதவைத் தட்டியதில்லை.

கூட்டத்துக்குப் பிறகு என் மதிப்பு இறங்கிவிடும் என்று நினைத்தேன். சிலர் அப்படிப் பார்க்கவும் செய்தார்கள். ஆனால் மறுநாள் மத்தியானம், எங்கள் எக்கோ பிரிவிலேயே மூன்று வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், சுங்கை வேயிலிருந்து வருபவள், என் அறை வாசலில் வந்து தயங்கி நின்றாள்.

"அக்கா, ஒரு படம் எனக்குச் சரியாத் தெரியல. கட்டியா நிழலான்னு புரியல. கொஞ்சம் பாக்கறீங்களா?"

மூன்று வருடத்தில் அவள் என்னிடம் சந்தேகம் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்குச் சந்தேகமே வருவதில்லை, கைதேர்ந்தவள் என்றுதான் நான் மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இந்த மாதிரி தெரியாத படம் முன்னாடியும் வந்திருக்கா?" என்று கேட்டேன்.

"எத்தனையோ வந்திருக்கு அக்கா."

"அப்பல்லாம் என்ன செஞ்ச?"

அவள் கையிலிருந்த ஃபைலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சரியாத்தான் இருக்கும்னு எழுதிட்டேன்."

நான் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.